செயின் கவரில் ஒட்டிய பெயர்

எங்கள் பக்கத்தில் ஒரு சங்கத் தலைவர் இருக்கிறார். பேனர் கட்டாமல் ஒரு தருமமும் செய்யமாட்டார். ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் அந்த மூஞ்சியை முகநூலில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் நான் காசு அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அப்போது இஸ்ரேலில் ஒரு வயோதிபப் பெண்ணைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். வியாழக்கிழமைகளில் அந்தம்மா ஒரு பை நிறையச் சாமான் கட்டித் தருவார். அதை மூன்றாம் மாடியில் ஒரு வீட்டு வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு, கதவு திறக்குமுன் நான் இறங்கிவிடவேண்டும். நின்று பார்த்தால் தொலைந்தேன். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பதுதான் உயர்ந்த தருமம் என்பது யூதர்களின் போதனையாம். நாலு பேர் முன்னால் ஒருவரை வெட்கப்படுத்துவது இரத்தம் சிந்துவதற்குச் சமமாம். களவெடுத்த காசில் செய்வது தருமமே இல்லையாம். எனக்கு முழங்கால் நோவுதான் மிச்சம் என்று முணுமுணுத்தபடி படியிறங்குவேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து மாங்கேணியில் எனக்கொரு சிநேகிதி. கடலுக்குப் போன புருசன் திரும்பவில்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள். பள்ளிக்கூடம் தூரம், நடந்து போய்ச் சேருவதற்குள் முதல் பாடம் முடிந்துவிடும். அவளுக்கு ஒரு புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கச் சொல்லித்தான் தலைவருக்குக் காசு அனுப்பினேன். என் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் சொன்னேன்.

லீவில் ஊருக்கு வந்ததும் அவர்களைப் பார்க்கப் போனேன். சைக்கிள் அடுப்படியில் சாக்கால் மூடிக் கிடந்தது.

"பந்தல் போட்டு மூணு மணித்தியாலம் பேசினாங்க கா. மகள மேடையில ஏத்திக் கும்பிடச் சொன்னாங்க," என்றாள் சிநேகிதி.

செயின் கவரில் தலைவரின் பெயர் பெரிய ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. அந்தப் பெயரோடு சைக்கிள் ஓடமாட்டேன் என்று மகள் அடம்பிடிக்க, சிநேகிதி அதைக் கத்தியால் சுரண்டியிருக்கிறாள். ஸ்டிக்கரோடு பெயின்றும் உரிந்து, அடியில் பழைய துரு தெரிந்தது. புதுச் சைக்கிளாம்! தூ!

நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"பழசுக்குப் பெயின்ற் அடிச்சுக் குடுத்திருக்கிறீங்களே, வெக்கமா இல்லையா?"

மனுசன் அசையவேயில்லை. "மிச்சக் காசு பந்தலுக்கும் சோடாவுக்கும் போச்சுது தங்கச்சி. விழா வைக்காம எப்பிடிப் படம் எடுக்கிற? ஆதாரத்துக்குப் படம் வேணும் எண்டு வொய்ஸ் அனுப்பினது ஆரு?"

நான்தான். ஆனாலும் விடவில்லை. "சைக்கிளைத்தான் படம் எடுக்கச் சொன்னன், அந்தப் பிள்ளையின்ட முகத்த இல்ல!" என்று கத்திவிட்டு வந்தேன். கள்ளன், விளம்பரப் பிச்சைக்காரன் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாளே டவுனில் நல்ல சைக்கிள் ஒன்று வாங்கினேன். அதற்கடுத்த நாள் காலையில் கொண்டுபோய் அவர்கள் வாசலில் நிறுத்தினேன். மகள் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் வெளிக்கிட்டு நின்றாள்.

"இந்தா மகள், இதில ஆருட பேரும் இல்ல. வெக்கப்படாம ஓடு."

அவள் அதைத் தொடவில்லை.

"தலைவர் போட்ட படத்த எங்கட வகுப்பில ஒருத்தரும் பாக்கல்ல, மாமி. நீங்கதான் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில போட்டு, என்னால் முடிந்த உதவி எண்டு எழுதினீங்க. உங்கட அண்ணன்ட மகள் என்ட வகுப்புத்தானே? அவள்தான் எல்லாருக்கும் காட்டினவள்."

தலைவர் ஆதாரத்துக்கு அனுப்பிய அந்தப் படத்தை ஒரே ஒரு நாள்தான் போட்டிருந்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அடிக்கடி திறந்து பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

"எனக்கு நேரம் போகுது மாமி," என்று புத்தகப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் றோட்டில் இறங்கி நடந்தாள்.