தைரியம் சொல்ல ஒருவரைக் கூட்டிப்போனேன்

போன வாரம் ஒரு நல்ல காரியம் செய்யப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே நெற்றியில் கை வைத்திருப்பீர்கள்...

என் மனைவியின் அண்ணன் மாதையன், அதியமான்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர். ஆறு மாதமாகக் கூடையைத் தூக்கினாலே மூச்சு வாங்கியது. வலி இல்லை, ரத்தம் போகவில்லை. வெறும் சோகை. பீட்ரூட் சாப்பிடச் சொன்னது யார்? அடியேன்தான். எனக்கு மருத்துவம் தெரியாது என்பது அதுவரை எனக்கே தெரியாது.

கடைசியில் டியூப் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கேன்சர். தருமபுரியிலேயே ஆபரேஷன் என்றார்கள். மச்சானும் தலையாட்டிவிட்டார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா?

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு நோய் என்றால், அதே நோய் வந்து பிழைத்தவரைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் உட்கார வைப்போம். நானும் காரிமங்கலத்திலிருந்து பெருமாளை அழைத்து வந்தேன். அவருக்கும் குடல் கேன்சர்தான். மூன்று வருடமாக நன்றாக இருக்கிறார்.

பெருமாள் உண்மையை மட்டுமே பேசுகிற மனிதர் — அதுதான் ஆபத்து. வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கி ஐந்து வாரம் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்துக்கொண்டது, பிறகு ஆபரேஷன்... எல்லாம் சொன்னார். சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஒட்டியிருந்த மலப்பையையும் காட்டினார். பழகிவிடும் என்று சிரித்தார்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால், மச்சான் ஆஸ்பத்திரிப் பேப்பர்களை மடித்து என் கையில் கொடுத்தார்.

“எனக்கு ஆபரேசன் வேணாம் மாப்ள. பையக் கட்டிக்கினு என்னால மார்க்கெட்ல போயி நிக்க முடியாது. இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்.”

மூன்று நாள் யார் சொல்லியும் கேட்கவில்லை. என் மனைவி என்னோடு பேசவே இல்லை. நாலாம் நாள் கெஞ்சிக் கூத்தாடி அவரை சர்ஜனிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. நடந்ததை நான் ஒப்புக்கொண்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஓ.பி. சீட்டின் பின்னால் குடலை வரைந்தார்.

“அவருக்கு ஆசனவாய்கிட்ட. அதனாலதான் கரண்டு, பை எல்லாம். உங்களுக்கு வலது பக்கம், பெருங்குடல் தொடங்குற எடம். வெட்டியெடுத்துட்டுச் சேத்துத் தெச்சிடலாம். பெரும்பாலும் பை தேவைப்படாதுங்க. ஆனா தள்ளிப்போட்டு குடல் அடைச்சிக்கிச்சுன்னா, அப்ப நான் இதே வார்த்தையச் சொல்ல முடியாது.”

மச்சான் அந்தச் சீட்டை வெகுநேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

வயிற்றுக்குள் கட்டி இரண்டு சாண் தள்ளி இருந்தால், வெளியே எத்தனை பஸ், எத்தனை வாரம்! கரண்ட் வைக்கிற மெஷின் உட்பட எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கிற ஊரில் அந்த இரண்டு சாண், லிஃப்டில் ஒரு மாடி. நம் ஊரில் அது இன்னொரு மாவட்டம். எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று துருவித் துருவி விசாரித்த நான், குடலில் எந்த இடம் என்று கேட்கவே இல்லை.

பெருமாளிடம் போனில் சொன்னேன்.

“அவருக்காவது பை இல்லன்னா நல்லதுதானுங்க” என்றார்.

புதன்கிழமை ஆபரேஷன். மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

“அதுவரைக்கும் நம்ம வூட்டுக்கு ஆரையும் கூட்டியாராதீங்க மாப்ள.”