லவுஞ்சுக்குள்ள ஆளாகிப் போன பேரன்

என் வீட்டுக்காரி தையல்காரி. கத்தரிக்கோல் கையில இல்லாட்டியும் வாய்ல இருக்கும்.

பேரன் பொறந்ததுல எங்களுக்குத் தலகால் புரியல. மகளையும் அவனையும் மருமகன் வேல பாக்குற ஊர்ல விடக் கிளம்பினோம். ஏர்போர்ட்ல சாப்பாட்டோட உக்காந்திருக்க ரெண்டு லவுஞ்சு. மகளோட பேங்க் கார்டுக்கு அவளும் கூட ஒரு ஆளும் காசில்லாமப் போகலாம். பால் கொடுக்க மறைவா எடம் இருக்குற லவுஞ்சாப் பாத்துப் போனோம். நான் வெளியவே இருந்துக்கிறேன்னுட்டேன்.

வாசல்ல இருந்த பொண்ணு, "கொழந்தையும் ஒரு ஆள்தாம்மா. மூணு பேர் ஆகுது," ன்னுச்சு.

"அவன் உங்க சாப்பாட்டத் தொடமாட்டான். சாப்பாட்டக் கையோட கூட்டிட்டு வந்திருக்கான்," ன்னு மகளக் காட்டினா என் வீட்டுக்காரி.

அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு, "ரூல்ஸ்மா," ன்னுச்சு.

"சரி, என் எடத்துல அவன் போகட்டும். ஆளுன்னுட்டீங்கல்ல, தனி நாற்காலி போடணும்."

மக பிள்ளையோட உள்ள போனா. இவ வாசலுக்கு நேரா உக்காந்துகிட்டு, உள்ள போறவங்ககிட்டல்லாம், "என் பேரன் உள்ள இருக்காரு, ரெண்டு மாசத்துப் பெரிய மனுசன். வணக்கம் வச்சிட்டுப் போங்க," ன்னா. எனக்கே கூச்சமாப் போச்சு.

கொஞ்ச நேரத்துல மேனேஜரே வந்துட்டாரு. "நீங்களும் உள்ள வாங்கம்மா."

"கணக்கு இடிக்குமே சார்."

"கொழந்தையக் கணக்குல சேக்காம விட்டுருவோம்மா."

"என் பேரன மட்டுமா, வர்ற கொழந்தைங்க எல்லாரையுமா?"

"எல்லாரையும்தாம்மா."

"அத அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னதக் காதால கேட்ட பிறகுதான் இவ எந்திரிச்சா.