கல்கத்தா ராசாவுக்குக் கண்ணீர் அஞ்சலி

எங்கள் நைனா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து ஊர்களில் எந்தக் கம்பியில் காக்கை அடிபட்டுச் செத்தாலும் அவருக்குத்தான் முதலில் சேதி வரும். ஆனால் அவர் துக்கம் காத்ததெல்லாம் வேறு சாவுகளுக்கு.

கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் மெட்ராஸில் வேலை பார்த்தபோது, சாயங்காலமானால் கால்பந்து பார்க்கப் போய்ப் பழகிவிட்டார். கல்கத்தாவிலிருந்தெல்லாம் அங்கே டீம்கள் வருமாம். உத்திரமேரூருக்கு மாற்றலாகி வந்த பிறகு பந்தைக் கண்ணால் பார்க்கவே வழியில்லை. எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கபடி தெரியும், கொஞ்சம் கிரிக்கெட் தெரியும், அவ்வளவுதான். நைனாவுக்கு மிஞ்சியது டீக்கடைப் பேப்பரின் விளையாட்டுப் பக்கம். அதிலும் அவருடைய ஆட்டக்காரர்கள் செத்தால்தான் வந்தார்கள். ஒருவர் காமாலையில், ஒருவர் வேலையில்லாமல் குடித்து, ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

அப்படிச் செய்தி வந்த நாளில் நைனா சவரம் செய்துகொள்ள மாட்டார். படத்தை வெட்டிக்கொண்டு வந்து வெள்ளைத் தாளில் ஒட்டி, சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டு, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதுவார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிரான்ஸ்பார்மர் சுவரில் அதை ஒட்டி, ஒரு முழம் பூ சாத்திவிட்டுத்தான் கம்பம் ஏறப் போவார். கீழே 'இவண்: உத்திரமேரூர் கால்பந்து ரசிகர்கள்' என்று இருக்கும். அந்த ரசிகர்களில் அவரைத் தவிர யாரும் இல்லை. வங்காளப் பெயர்கள் வாயில் நுழையாததால், மெட்ராஸில் கூட நின்று பார்த்தவர்கள் வைத்த பட்டப்பெயர்களையே எழுதுவார்.

"பெத்த அப்பனுக்கு ஒயுங்கா தெவசம் குடுக்க லீவு கெடைக்கல. எவனோ பந்து ஒதைச்சவனுக்குப் பூ வாங்கினு போறாரு பாரு" என்பாள் அம்மா.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கல்கத்தா ராசா செத்துப்போனார். இடது ஓரத்தில் ஆடியவர். நைனா அதிகம் பேசியது அவரைப் பற்றித்தான். பேப்பரில் அவருடைய இளவயதுப் படத்தைப் போட்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் அந்தப் பக்கத்தில் பஜ்ஜியை வைத்துவிட்டதால், நைனா கைக்கு வந்தபோது முகம் எண்ணெயில் ஊறிப் போயிருந்தது. வகுப்பில் நான் நன்றாகப் படம் போடுவேன். அதனால் இதைப் பார்த்துப் பெரிதாக வரைந்து கொடு என்றார்.

இங்க் பேனாவால் வரைந்தேன். இடது புருவத்தில் மை ஊறிப் பரவிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்வதுபோல பிளேடால் சுரண்டினேன். புருவத்தின் நடுவே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. தழும்பு மாதிரி அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நைனா தாளை வாங்கிப் பார்த்தார். "அவரேதான்" என்றார். அவர் கண் கலங்கியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகாமல் சுவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் நான்தான் போட்டேன் என்று சொல்ல ஆசை. யாரும் கேட்கவில்லை. பெருநகர் என்ற பக்கத்து ஊரிலிருந்து பஸ் வந்தது. பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை விற்கும் ஒரு அம்மா கூடையோடு இறங்கி வந்தார். அவருக்கு ஒரே மகன். பதினாறு வயதில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, வடக்கே போகும் லாரியில் ஏறிப் போனவன். எட்டு வருடமாகத் தகவல் இல்லை. இது பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அந்தம்மா படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது யாரு கண்ணு?"

"ராசா. கல்கத்தா ராசா. செத்துட்டாரு" என்றேன். "நான்தான் வரைஞ்சேன்."

அவர் கையை நீட்டிப் புருவத்தின் வெள்ளைக் கோட்டைத் தொட்டார். கூடை சாய்ந்து கடலை ரோட்டில் உருண்டது. "கெணத்து மேட்ல வியுந்த காயம்" என்றார், யாரிடமும் இல்லாமல். அப்புறம் எழுந்த அலறலில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர்கூட ஓடி வந்தார்.

நைனா அன்று திருப்புலிவனத்தில் கம்பத்தின் மேல் இருந்தார். சாயங்காலம் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தம்மாவின் மகன் பெயரும் ராசா. அன்று நைனா சாப்பிடவில்லை. "காலையில மொத பஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. பாவம், பெத்த வயிறு" என்றாள் அம்மா. புருவக் கோடு எப்படி வந்தது என்று சொல்வதற்காக நைனா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பெருநகரில் அந்தக் கூரை வீட்டு வாசலில் துணிப்பந்தல் போட்டிருந்தார்கள். வரப்புத் தகராறில் பத்து வருடமாக அந்தம்மாவின் முகம் பாராத மைத்துனர் வந்து உட்கார்ந்து, ஒடம்பு கெடைக்கலன்னாலும் கருமாதியை ஒயுங்கா செஞ்சுடணும் என்று பேசிக்கொண்டிருந்தார். யாரோ சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா நடுவில் இருந்தார். அழுகை ஓய்ந்து, தொண்டை கட்டிய குரலில் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ பெரிய ஆளா இருந்துகிறான் பாரு, பேப்பர்ல போடற அளவுக்கு. ஆட்டத்தை வுட்டு எப்படி வருவான்? அப்புறம் ஒடம்பு முடியாம பூட்டுது. அதான் கடுதாசி போடல. இல்லன்னா எம் புள்ள போடாம இருப்பானா?"

நைனாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீதானாமே பா பூ வெச்சது? ஊரு பேரு தெரியாத எடத்துல செத்தவனுக்கு நீதான் பா செஞ்சிருக்கிற. நீ நல்லா இருக்கணும்."

நைனா ஒரு கையை விடுவித்துக்கொண்டார். அந்தக் கை என் தோளை அழுத்தியது. சொல்லு என்கிறார் என்று நினைத்தேன்.

"பெரிம்மா, அது உங்க புள்ள இல்ல" என்றேன். "அவரு வேற ராசா. புருவத்துல கோடு நான் பிளேடால சுரண்டினது."

அந்தம்மா என்னையே பார்த்தார்.

"அப்ப எம் புள்ள?"

"தெரியல அக்கா" என்றார் நைனா. "எங்கனா நல்லா இருப்பான்."

"நல்லாகீறானா?" அந்தம்மா மெதுவாகக் கேட்டார். "நல்லா இருந்துக்கினா எட்டு வருசமா ஒரு வரி எயுதல?"

மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரோ அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தார்கள். அந்தம்மா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நேற்று அலறியபோதுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. மகன் சாகவில்லை என்று சொன்னால் சிரிப்பார், கட்டிக்கொள்வார், மடி நிறையக் கடலை கொடுப்பார் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

உத்திரமேரூரில் இறங்கியதும் நைனா நேரே சுவருக்குப் போய், காய்ந்த பசையை நகத்தால் பெயர்த்து, தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தெடுத்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் அஞ்சலி ஒட்டவில்லை. கடலைக்கார அம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. சித்திரையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

நானோ பெருநகர் போய் வந்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, செத்துப்போன ஒருவரை நான் ஒரே வார்த்தையில் பிழைக்க வைத்த கதையைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.