பஞ்சாபகேசன் எடுத்து வந்த இருதயங்கள்

மீன்கார மரியம்மாளைத் தலையில் கூடை இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. சென்ற மாதம் ஒரு காலையில் சாந்தோமில் என் வீட்டு வாசலில் கூடை இல்லாமல் வந்து நின்றாள். முந்தானையில் எதையோ சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் கூட்டாளி ஐயரு பூட்டாரு, அந்தோணி ஐயா,” என்றாள். “மணல்ல நின்னுக்கினு பொட்டிய வயித்தாண்ட வெச்சிக் குனிஞ்சாரு. குனிஞ்சவரு நிமிரவே இல்ல. அப்பிடியே குந்திட்டாரு. நான்தான் புடிச்சிக்கினேன்.”

முந்தானையைப் பிரித்தாள். உள்ளே காமிரா இருந்தது.

“ஒருத்தரையும் தொட உடல. அவருக்குப் புடிக்காதே,” என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு அதற்கும் பிறகு வந்தது.

பல ஆண்டுகளாகப் பஞ்சாபகேசனோடு காலையில் நடந்தவன் நான். அன்று முழங்கால் வீக்கம் என்று படுத்துவிட்டேன். அந்த முழங்காலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

குப்பத்து ஆட்கள் அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு முன் வீங்கிய முழங்காலோடு மயிலாப்பூருக்கு ஓடினேன். கச்சேரி சாலையை ஒட்டிய சந்தில் வீடு. கீழே அவருடைய தமையனார் குடும்பம், மாடியில் பஞ்சாபகேசனும் அவர் மனைவி விசாலம் அம்மாளும். செய்தி எனக்கு முன்பே கீழ்வீட்டுக்கு வந்திருந்தது. தமையனார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி படிக்கட்டின் அடியில் என்னை மறித்தார்.

“மேலே போய்ச் சொல்லிடாதேங்கோ. ஆஸ்பத்திரியிலே சேர்த்திருக்குன்னு சொல்லி வைப்போம். அவளுக்கு இருக்கற இருதயத்துக்கு இதைக் கேட்டா அவளும் போயிடுவா. ஒரே நாள்லே ரெண்டு பேரை நாங்க எப்படித் தாங்கறது?”

நியாயமான பயம்தான். ஆனால் அந்த மாடியில் இருந்தவரிடம் பொய் சொல்லலாமா என்பதைப் பஞ்சாபகேசன் வாழ்ந்த விதம் தெரியாமல் தீர்மானிக்க முடியாது. அதைச் சொல்லிவிட்டு அந்தப் படிக்கட்டுக்குத் திரும்பி வருகிறேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் அவர் கடிதப் பிரிவு, நான் கணக்குப் பிரிவு. ட்ராமில் ஆரம்பித்த பழக்கம். அவருக்குப் பேச்சு குறைவு. எனக்கு அந்தக் குறை கிடையாது. அதனால்தான் ஒத்துப்போனோம் என்று விசாலம் அம்மாள் சொல்வார்கள். தினமும் விடிந்ததும் அவர் மயிலாப்பூரிலிருந்து புறப்பட்டு சாந்தோம் வருவார். வாசலில் நின்று, “ஓய் அந்தோணி, சூரியன் உமக்காகக் காத்திண்டிருக்கான்,” என்று குரல் கொடுப்பார். மணலோடு நடந்து அடையாற்று முகத்துவாரம் வரை போய்த் திரும்புவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தியாகராய நகர்ப் பக்கம் போவதுண்டு. ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

காமிரா வந்தது ஒரு துரையின் தயவில். சீமைக்குத் திரும்பிய அந்தத் துரை, தன் சாமான்களில் பெட்டிக் காமிரா ஒன்றை இவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இவர் முதலில் எடுத்தது பங்குனித் தேரை. படத்தில் வந்தது வடக்கயிறும் யாரோ ஒருவருடைய குடையும். இரண்டாவது என்னை எடுத்தார். அதில் என் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. “உம்மை நன்னாத்தான் எடுத்திருக்கேன். வேண்டாததை விட்டுட்டேன்,” என்றார். அதோடு காமிரா பரணுக்குப் போயிற்று.

விசாலம் அம்மாள் ஒரு இடத்தில் நிற்காதவர். விடியலில் குளக்கரை, சாயங்காலம் கபாலி கோயில், நடுவில் யார் வீட்டிலாவது சீட்டாட்டம் என்று இருந்தவர். சின்ன வயதில் வந்த ஜுரம் ஒன்று இருதயத்தில் ஏதோ கோளாறை விட்டுப் போயிருந்தது. ஒருநாள் குளத்துப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, காகிதத்தில் இருதயத்தை வரைந்து விளக்கினார். அது மாங்காய் மாதிரி இருந்தது. இனிமேல் இந்த மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, சீக்கிரம் சரியாகிவிடும் என்றும் சேர்த்துக்கொண்டார். மாதாமாதம் வந்து அதையே சொன்னார்.

நான் பார்க்கப் போனபோது அந்தம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். பஞ்சாபகேசன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அழுகிறார் என்பது முதுகிலேயே தெரிந்தது.

“என்னோடது பழுதாம்,” என்றார் விசாலம் அம்மாள், அவருக்குக் கேட்கும்படி. “நீங்கதான் தினமும் காலம்பர தேசாந்திரம் போறேளே. வழியிலே நல்லதா ஒண்ணு கண்ணிலே பட்டா எடுத்துண்டு வாங்கோ. டாக்டர் போட்ட மாங்காய் வேண்டாம். சீட்டுக்கட்டிலே சிவப்பா ஆட்டின் இருக்கே, அது மாதிரி அழகா இருக்கணும்.”

நான் சிரித்தேன். பஞ்சாபகேசன் சிரிக்கவில்லை. மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றபோது கையில் காமிரா இருந்தது.

முதல் நாள் அவர் எடுத்தது குளத்துப் படியில் விழுந்து கிடந்த அரசிலை. படம் கழுவி வந்ததும் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அரசிலை வேற எப்படி இருக்குமாம்? இலையெல்லாம் கணக்கிலே சேராது. வெத்திலையும் கிடையாது. சொல்லிட்டேன்,” என்றார். அதோடு எங்கள் சிரமத்தை இரட்டிப்பாக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் நடந்த நடை இருக்கிறதே, அதை நடை என்று சொல்லக்கூடாது. தெருவில் போகிறவர்கள் எங்களை ஏதோ சில்லறையைத் தவறவிட்டவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் கிடைத்தன. தியாகராய நகரில் ஏரி மண் வெடித்துக் கிடந்த இடத்தில் ஒரு பாளம் அச்சாக அப்படியே இருந்தது. லஸ் அருகே ஒரு பால்காரர் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு நெற்றியில் வெள்ளையாக ஒன்று. அது ஒரு கணம் நிற்கவில்லை. இவர் காமிராவை வயிற்றோடு வைத்துக் குனிந்துகொண்டு, “அப்படியே இரு, தாயே. அசையாதே,” என்று கெஞ்சினார். கன்றுக்குட்டிக்கு மட்டுமல்ல, கல்லுக்கும் மண்ணுக்கும்கூட அதையே சொல்வார். “கல் எங்கே சார் ஓடப்போகுது?” என்று நான் கேட்பேன். “மரியாதைக்குச் சொல்றது, ஓய்,” என்பார்.

படம் வந்ததும் மாடியில் ஒரு விசாரணை நடக்கும். எனக்கென்று ஒரு டம்ளர் ஜன்னலோரம் தனியாக இருக்கும். அதில் வரும் காபியில் மட்டும் பேதம் இருந்ததில்லை. அதைக் குடித்துக்கொண்டே நான் வேடிக்கை பார்ப்பேன். எந்தத் தெரு, வலப்பக்கமா இடப்பக்கமா, அப்போது யார் எதிரே வந்தார்கள் என்று அந்தம்மா ஒவ்வொன்றாகக் கேட்பார். “அந்த முனையிலே ஒரு கிணறு இருக்குமே, மூடிட்டாளா?” என்பார். பஞ்சாபகேசன் கவனித்திருக்கமாட்டார். மறுநாள் அதற்காகவே அந்தத் தெருவுக்குப் போவோம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தம்மா கண்ணை மூடினால், குளக்கரையிலிருந்து கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும். அவர் திரும்பி வரும் வரை காத்திருப்போம்.

ஒரு ஐப்பசியில் விடாமல் மழை. வெளியே போனால் நனைந்ததுதான் மிச்சம். ஒன்றும் அகப்படவில்லை. மாடியில் அந்தம்மாவுக்கு இளைப்பு அதிகமாகி, படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். அந்த வாரம் அடையாற்று மணலில் நுரை ஒதுங்கி, மேலே இரண்டு வளைவு மட்டும் சரியாக இருந்த ஓரிடத்தைக் கண்டோம். கீழே கூர் இல்லை. பஞ்சாபகேசன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு காலால் மணலைக் கீறிக் கூரை வரைந்தார். வேண்டாம் சார் என்றேன். “அவ சந்தோஷப்படட்டும், ஓய். யாருக்கு என்ன நஷ்டம்?” என்றார்.

படத்தைக் கொடுத்தார். அந்தம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“இது தானா வந்ததில்லை. இந்த நுனியிலே உங்க கால் கட்டைவிரல் தெரியறது.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“எனக்குப் பொய் சொல்ல டாக்டர் ஒருத்தர் போறும். நீங்களும் வேண்டாம்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மழைக்காலம் முடியும் வரை ஒரு படத்தையும் கையில் வாங்கவில்லை. பஞ்சாபகேசன் ஆபீசில் ஒரே கடிதத்தை இருமுறை அனுப்பிப் பெரிய குமாஸ்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அந்த நாட்களில்தான்.

அதற்குப் பிறகு அவர் ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். எதையும் தொடுவதில்லை. மேலே ஒரு துரும்பு கிடந்தாலும் காற்று தள்ளட்டும் என்று காத்திருப்பார். இந்த விரதத்தில்தான் மரியம்மாள் வந்து மோதினாள்.

“இன்னா ஐயரே, தெனம் தரையப் பாத்துக்கினே போறே, இன்னாத்தத் தொலைச்சே?” என்று கேட்டவளுக்கு விஷயம் தெரிந்ததும் உற்சாகம் தாங்கவில்லை. “எங்க ஊட்ல திரு இருதய ஆண்டவர் படத்துல கீதே, அந்த மாரிதான?” என்றாள். அடுத்த நாளே ஒரு கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, செதுக்கி வைத்தது போன்ற கல்.

பஞ்சாபகேசன் தலையைச் சொறிந்தார். “ரொம்ப நன்னாயிருக்கு, அம்மா. ஆனா எடுத்துட்டியே. இருந்த இடத்திலேயே இருந்திருக்கணும்.”

“கல்லுன்னா கல்லுதான? எங்க இருந்தா இன்னா?”

“அது எங்கே கிடந்ததோ அங்கேயே வெச்சுடறயா?”

மரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லைச் சுழற்றிக் கடலுக்குள் எறிந்தாள். “அங்கதான் கெடந்திச்சு. போயி எட்த்துக்கோ,” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று விசாலம் அம்மாளிடம் படம் இல்லை, இந்தக் கதைதான் போயிற்று. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதிலிருந்து மரியம்மாள் எதையும் எடுப்பதில்லை. தூரத்திலிருந்தே, “ஐயரே, இங்க ஒண்ணு கீது, ஓடியா!” என்று கூவுவாள். அப்படி அவள் கூவிக் காட்டியதை எடுக்கத்தான் அன்று காலையும் அவர் குனிந்தார்.

இனி அந்தப் படிக்கட்டு.

தமையனார் மனைவியிடம், “மன்னியுங்கள் அம்மா,” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். பாதிப் படியில் நின்று, நான் செய்யப்போவது கொலையாக முடிந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். அப்படியே கீழே இறங்கிவிடலாமா என்றும் தோன்றியது. விசாலம் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கணவருடைய காபி மூடி வைத்திருந்தது.

“எங்கே உங்க சிநேகிதர்? நீங்க மட்டும் வந்திருக்கேள்?”

“அம்மா, பஞ்சாபகேசன் சார் இறந்துட்டார்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் சாய்த்து, யாராவது தொட்ட அடையாளம் இருக்கிறதா என்று தேடுவாரே, அதே பார்வை.

“எந்த இடத்திலே?”

“சாந்தோம் மணல்லே. குப்பத்துக்கு எதிரே.”

“தனியாவா?”

“இல்லைம்மா. மரியம்மா பக்கத்துல இருந்தாங்க. அவங்க கைமேலதான் சாய்ஞ்சார்.”

தலையை ஆட்டினார். எழுந்தார். நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ ஆண்டுகளாக இறங்காத அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார். கீழே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டி வந்து நின்றபோது அவர் வாசலில் இருந்தார். பழுதான அந்த இருதயம் எல்லாவற்றையும் தாங்கிற்று. டாக்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் போனார்.

காரியங்கள் முடிந்த பிறகு என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். காமிராவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதன் முதுகில் உள்ள சின்னச் சிவப்புக் கண்ணாடியில் பார்த்தேன். சுருளில் கடைசிப் படம் ஒன்று மிச்சம் இருந்தது.

விசாலம் அம்மாள் கணவருடைய சாய்வு நாற்காலியைக் காட்டினார். ஆபீசிலிருந்து வந்து அவர் தினமும் சாயும் கித்தான் நாற்காலி. தலை படும் இடத்தில் எண்ணெய்க் கறை. அவர் இந்தப் பக்கம் ஒரு சாய்ப்பும் அந்தப் பக்கம் ஒரு சாய்ப்பும் சாய்ந்து, மேலே இரண்டு வளைவாகப் படிந்திருந்தது. பிடரிப் பக்கம் ஒடுங்கிக் கூராக இறங்கியிருந்தது. அத்தனை வருஷம் அந்த அறையில் காபி குடித்த என் கண்ணில் அது பட்டதே இல்லை.

“ரொம்ப நாளா பார்த்துண்டிருக்கேன்,” என்றார். “சொன்னா, அசிங்கமா இருக்குன்னு துணியை மாத்திப்பிடுவார். அதான் சொல்லலை.”

அறையில் வெளிச்சம் போதாது. நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தலாம் என்று கையை வைக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டேன். காமிராவை முக்காலிமேல் வைத்து, விசையை மெதுவாக இழுத்து, நீண்ட நேரம் திறந்து வைத்தேன். எனக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியைப் பார்த்து, மிகவும் மெல்லிய குரலில் சொன்னார்:

“அப்படியே இருங்கோ. அசையாதேங்கோ.”

படம் இன்னும் கழுவி வரவில்லை. ஸ்டூடியோக்காரர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். முழங்கால் சரியாகிவிட்டது. காலையில் மணலில் நானும் மரியம்மாளும் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். மாடியில் ஒருவர் கேட்பதற்குக் காத்திருக்கிறார்.

பஞ்சாபகேசன் சார், நாங்கள் எதையும் தொடமாட்டோம். நீங்கள் இருந்த இடத்தில் அப்படியே இருங்கள்.