அண்டாவில் வெட்டிய பெயர்

எங்கள் தாத்தா காட்டிய ஒரு மரியாதைதான் எல்லா வம்புக்கும் காரணம். அம்மாவின் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்கியபோது, கடையில் பெயர் வெட்டுகிறவரிடம், "மாப்பிள்ளை பேரே இருக்கட்டும், அதுதான் மரியாதை" என்று சொல்லிவிட்டார். அண்டா முதல் கடைசிக் கரண்டி வரை அப்பாவின் பெயர்தான். மாப்பிள்ளைக்கு மனசு குளிர்ந்துவிட்டதாம். குளிர்ந்து என்ன பிரயோஜனம்?

பத்து வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தாள். இருவரும் சம்மதித்துத்தான் விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஜீவனாம்சம் வேண்டாம், சீர் சாமான் திரும்பி வந்தால்தான் கடைசிக் கையெழுத்து என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். "உனக்கு வேணாம்னா புள்ளைக்காவது கேளும்மா" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வக்கீல் குமாஸ்தாவோடு குட்டி யானை வண்டியில் கிருஷ்ணகிரியில் அப்பா வீட்டுக்குப் போனோம். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் அக்கா, என் அத்தை, பாத்திரங்களை வாசலில் பரப்பிவிட்டு அண்டாவின் விளிம்பைக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்க. யாரு பேரு கீது? எங்க தம்பி பேரு. இவ பேரு எதுலனா இருந்தா எடுத்துக்கினு போவட்டும்."

குமாஸ்தா குனிந்து படித்துவிட்டு மோவாயைச் சொறிந்தார். அம்மா வாய்க்குள் தாத்தாவைத் திட்டியது எனக்கு மட்டும் கேட்டது. பிறகு என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"சரிங்க அண்ணி. பேரு போட்டதெல்லாம் உங்களுதுன்னா இவளும் உங்களுதுதான். இவ இனிஷியலு உங்க தம்பி பேருதானே? அண்டாவோட இவளையும் உள்ள கூட்டிக்கினு போங்க. படிக்க வெச்சு, கட்டிக் குடுங்க. நான் இப்பவே வெறுங்கையோட கையெழுத்துப் போட்டுர்றேன்."

என் மணிக்கட்டு கன்றிப்போகும்படி அம்மா இறுக்கிப் பிடித்திருந்தாள். அதையும் கோபம் என்றே நினைத்தேன்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையிலிருந்த செல்போனைப் பார்த்தார், குமாஸ்தாவின் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் அத்தைதான் வாயைத் திறந்தாள். "பொட்டப் புள்ளைய வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது? எல்லாத்தையும் அள்ளிக்கினு போ."

அம்மா ஒரு கரண்டி விடாமல் ஏற்றினாள். இன்றும் எங்கள் வீட்டில் அந்த அண்டாவில்தான் வெந்நீர் காய்கிறது. பெயரைத் தேய்த்து அழித்துவிடலாமே என்று யாராவது சொன்னால், "இருக்கட்டும், அடுப்புல வேவட்டும்" என்பாள்.

அன்று திரும்பும் வழியெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தூக்கிக் கொடுக்கத் துணிந்தவளோடு பத்து நாள் பேசவும் இல்லை. என்னை அங்கேயே நிறுத்திக்கொள்ளாமல், நல்லவேளையாக வாயே திறக்காமல் நின்ற அப்பாவுக்குத்தான் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன்.