நைனா கேட்ட பெயர்கள்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது, அவற்றில் ஒன்றில் அவர் சூப்பர்வைசர். அதற்கு முன்பு ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அங்கே சங்கம் வைத்ததற்காக வேலையை விட்டு நீக்கினார்கள். ஆலை வாசலில் பதினொரு நாள் பட்டினி கிடந்தார். போலீஸ் அடித்த அடியில் இடது கை முழுதாக நீளாது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் அண்ணனும் நானும் வளர்ந்தோம்.

நான் நான்காம் வகுப்புக்கு வந்தபோது அவர் அதைச் சொல்வதை நிறுத்தியிருந்தார். பேப்பரில் வேலைநிறுத்தச் செய்தி வந்தால், "இந்தப் பசங்களுக்குக் கொழுப்பு" என்று பக்கத்தைத் திருப்புவார்.

அண்ணனும் அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்தான். உலையருகே நிற்பவர்களுக்குக் கையுறைகூடக் கிடையாது. ஒருவருடைய கை வெந்துபோயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நைனா ஷிப்டில் இருந்த நேரத்தில், அண்ணனோடு வேலை செய்யும் நான்கு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் டீ கொடுத்தேன். சங்கம் வைக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை நைனா என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். வழியில், "நேத்து அண்ணன்கூட யாரு யாரு பேசிக்கினு இருந்தாங்க பாப்பா?" என்றார். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது.

"அவங்களும் உன்ன மாதிரியே சங்கம் வெக்கப்போறாங்க நைனா" என்று சொல்லி, ஏழுமலை, தேவராஜ், முனுசாமி, சின்னப்பன் என்று நான்கு பேரையும் ஒப்பித்தேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பள்ளி வாசலில் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரமே நான்கு பேரையும் வேலையை விட்டு நீக்கினார்கள். பெயர்களைக் கொடுத்தது நைனாதான் என்று தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துபோயிற்று. அண்ணனின் வேலை மட்டும் தப்பியது. அன்று சாயங்காலம் அவன் சட்டை கிழிந்து வந்தான். ஏழுமலை அவன் முகத்தில் காறித் துப்பியிருக்கிறான்.

"நீ பட்டினி கெடந்தது இதுக்குத்தானா நைனா?" என்று கேட்டான் அண்ணன்.

"உன் வயசுல நானும் இப்படித்தான் துள்ளுனேன். என் வயசு வந்தா நீயும் இன்னா பண்ணுவேன்னு பாக்கலாம்" என்றார் நைனா, சாப்பிட்டுக்கொண்டே.

அவருடைய அந்த வயதை நான் கடந்து வெகு காலமாகிறது. வயதின் மேல் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் துணிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மா இறந்த அன்று வந்தான். அன்றும் நைனாவின் பக்கம் திரும்பவில்லை. பெயர்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்று அவன் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் போன அன்று எனக்கு அண்ணன் மேல்தான் கோபம். நைனா அவன் பெயரை மட்டும் விட்டுவிட்டு அவனைக் காப்பாற்றியிருக்கிறார், அந்த நன்றிகூட இல்லையே என்று நினைத்தேன். ஐந்து பேரில் ஒருவனை மட்டும் விட்டுவைத்தால் மற்ற நால்வரும் யாரைத் துரோகி என்பார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு காலத்தில் சங்கம் நடத்திய நைனாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.