மாசாணியக்கா சந்தேகப்பட்ட நாகர்

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

அந்த ஊர்க்காரர்தான் மாசாணியம்மாள். நான் வேலை பார்க்கும் கிரானைட் கடையில் பலகைக் கற்களைக் கழுவித் துடைக்கிறவர். நான் நிலவியல் படித்துவிட்டு, அரசு வேலைக்குக் காத்துக் காத்து அலுத்து, அங்கே அடுப்பு மேடைக்குக் கல் விற்கிறேன். அந்த எரிச்சலைக் கிளறாதீர்கள், நாள் முழுக்கப் பேசுவேன். மாசாணியக்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் ஊற்றும்போது பாலைப் பார்க்க மாட்டார், அவர் கையைத்தான் பார்ப்பார். காஸ் சிலிண்டரைக் குலுக்காமல் வாங்கியதில்லை. என் பெயர் பிரத்யுஷா என்று சொன்னபோது, "நெசப் பேருங்களா அம்மணி?" என்று கேட்ட மகராசி அவர்.

காரணம் இல்லாமல் இல்லை. தோட்டக் கூலிக்குப் போய்ச் சேர்த்ததையெல்லாம், பட்டா வாங்கித் தருகிறேன் என்று வந்த ஒருவனிடம் கொடுத்தார். அவன் அப்புறம் கண்ணிலேயே படவில்லை. அதனால் ரோட்டோரப் புறம்போக்கில் அவர் கட்டிய ஹாலோபிளாக் வீடு இன்றுவரை பட்டா இல்லாத வீடு. போன வருஷம் ரோட்டை அகலப்படுத்த அளந்துவிட்டு, அந்த வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு போனால் அவருக்கும் மகன் கதிருக்கும் போக்கிடம் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி வெள்ளியன்று அந்தக் கல் கிடைத்தது. வீட்டை ஒட்டித் தண்ணீர்க் குழாய்க்குக் குழி வெட்டினார்கள். உள்ளே சுருண்டு படுத்த பாம்பு மாதிரி, தோசைக்கல் அகலத்தில் ஒரு கல். அவ்வளவுதான், நாகர் தானாக எழுந்தருளிவிட்டார் என்று ஊரே கூடிவிட்டது. மஞ்சள் பூசி, பால் ஊற்றி, மாசாணியக்கா வீட்டுச் சுவரோரமே உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டு ரவிக்குமார் சாயங்காலத்துக்குள் பிளெக்ஸ் பேனரே கட்டிவிட்டான்.

அக்காவுக்கு அந்த பேனர்தான் உறுத்தியது.

"அம்மணி, இதுல என்னமோ சூது இருக்குதுங்க. இன்னைக்குக் கல்லு வெப்பானுக, நாளைக்குக் கோயல் கட்டோணும்பானுக. கோயல் கட்ட எடம் வேணும்னா மொதல்ல என்ற ஊடுதானே போகும்? அளவுக்கார ஆபீசருகிட்டச் சொல்லிப்போட்டேன். நாளைக்கு வாரேன்னுட்டாரு. நீங்க கல்லுப் படிப்புப் படிச்சவீங்கதானே, வந்து பாத்துச் சொல்லுங்க."

போனேன். பார்த்ததுமே எனக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. சாவியால் ஓரத்தைச் சுரண்டினேன், வெள்ளைப் பொடி உதிர்ந்தது. எங்கள் கடையில் மார்பிளா கிரானைட்டா என்று சோதிக்கிற வழி ஒன்று உண்டு. சாமிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தையே எடுத்துப் பொடியின்மேல் பிழிந்தேன். சுண்ணாம்புக் கல் என்றால் நுரைக்கும், இந்த ஊர்ப் பாறை நுரைக்காது. நுரைத்தது.

"பாத்தீங்களா?" என்று நான் வாயைத் திறப்பதற்குள் ரவிக்குமார் கத்தினான்: "சாமி சீறுதுங்கோ!"

பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ என் காலில் விழ வந்தார்கள். வெட்கக்கேடு! சாமி இல்லை என்று காட்டப் போய் நானே சாமியை உறுதிப்படுத்திக் கொடுத்துவிட்டேன். கதிர் மட்டும் வேர்த்து விறுவிறுத்து நின்றான். "அம்மா, உட்டுரு. சாமி விசயம், நமக்கெதுக்கு?" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான்.

அக்கா உதறிவிட்டு என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "நெசத்தச் சொல்லுங்க."

சொன்னேன். நம் ஊர்ப் பாறை பூமிக்கு அடியில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறை. கிணறு வெட்டினால் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடுமே, அது அந்தச் சூட்டில் விழுந்த வரி. வயது இருநூற்றைம்பது கோடி வருஷம் இருக்கும். அப்போது உலகத்தில் ஓடுள்ள உயிரே பிறக்கவில்லை. பிறந்து உள்ளே மாட்டியிருந்தாலும் அந்த வேக்காட்டில் உருத்தெரியாமல் போயிருக்கும். இதுவோ கடலடிச் சேற்றில் புதைந்து, மேலே மேலே மண் படிந்து கல்லாக இறுகிய, நத்தை மாதிரிச் சுருண்ட ஒரு கடல் பிராணியின் ஓடு. பத்துக் கோடி வருஷம் இருக்கலாம். நம் மண்ணில் இது முளைக்க வழியே இல்லை.

"அப்பறம் எங்கிருந்துங்க வந்துது?"

"கடல் இருந்த பக்கத்திலிருந்து யாரோ கொண்டுவந்திருக்கணும்க்கா. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்களே, அரியலூர்ப் பக்கம், அந்தக் குழிகளில் இது நிறையக் கிடைக்கும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வீட்டைப் பார்த்தார். வீட்டு முன்னால் கதிர் ஓட்டும் லாரி நின்றது. வாராவாரம் அரியலூரிலிருந்து சிமெண்டு ஏற்றி வருகிற லாரி. ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்பட்டவருக்குச் சொந்த மகன்மேல் மட்டும் அது தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, படித்து என்ன கிழித்தேன்!

மறுநாள் அதிகாரி வந்தார். ஊரே சுற்றி நின்றது. கதிர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்கம்மா, இந்தக் கல்லை யாரோ கொண்டாந்து வெச்சுட்டாங்கன்னு உங்களுக்குச் சந்தேகமாமே? அப்படின்னா எடுத்துப்போட்டு வேலையை ஆரம்பிச்சரலாம். உங்க செவுரும் அளவுக்குள்ளதான் வருது."

மாசாணியக்கா கல்லைப் பார்த்தார். சுவரில் இருந்த சிவப்புக் குறியைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க," என்றார். "என்ற சாமிங்க அது."

அவர் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை நான் கேட்டதே இல்லை. அதிகாரி கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது, ரோட்டை அந்தப் பக்கம் தள்ளிக்கொள்ளலாமா என்று மேலே கேட்கிறேன் என்று ஜீப்பில் ஏறினார். போன மாதம் எதிர்ப்பக்கம்தான் ஜல்லி கொட்டினார்கள்.

ஜீப் போனதும் அக்கா மகனை வீட்டுக்குள் இழுத்துப் போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "கிறுக்குப் பயலே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சாமி இருந்தா செவுத்த இடிக்கமாட்டாங்கன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியாம்மா?"

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மெதுவாக நழுவப் பார்த்தேன்.

"அம்மணி, நில்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "ஊர்ப் பேரச் சொல்லி இத ஆருகிட்டயும் பேசமாட்டேன்னு இந்தக் கல்லு மேல கைய வெச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"அக்கா, இது கடல் பிராணின்னு நான்தானே உங்களுக்குச் சொன்னேன்!"

"தெரியுமுங்க. வைங்க."

வைத்தேன். மஞ்சள் ஈரம் விரலில் ஒட்டியது. நான் சத்தியம் சொல்லி முடிக்கிறவரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.